கேதத்துக்குத் தூக்கிய பெட்டிகள்

இன்சூரன்ஸ் போடாமல் ஊருக்கு வரமாட்டேன் என்று ரகுநாத் ஷார்ஜாவில் ஒற்றைக் காலில் நின்றான். பதினோரு வருடமாக அங்கே லாரி ஓட்டுகிறவன். விசாவை முடித்துக்கொண்டு தை மாதம் ஒரேயடியாக வந்துவிடுவதாக ஏற்பாடு. வந்து என்ன செய்வான் என்ற கேள்விக்குப் பதில், கீழக்கரம்பையில் அவன் வீட்டுப் பட்டாசாலையில், அந்த நீளமான நடுக்கூடத்தில், தரையிலிருந்து உத்தரம் வரை அட்டைப்பெட்டிகளாக அடுக்கியிருந்தது.

துருக்கிக் கம்பளி, அரபு சென்ட், ஆலிவ் எண்ணெய் சோப்பு, காப்பி பிளாஸ்க், குழந்தைப் போர்வை. விற்கிறவள் அவன் மனைவி திலகவதி. நாலு வருடத்துக்கு முன்னால் அவன் அனுப்பிய ஒரு கம்பளியைப் போட்டோ எடுத்து செல்போனில் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒரு அம்மாள் விலை கேட்டாள். அப்படி ஆரம்பித்தது. கடைக்கு ‘ஷார்ஜா பெட்டி’ என்று பெயர் வைத்தாள். மத்தியானம் அடுப்பு வேலை முடிந்ததும் செல்போனை ஜன்னலில் சாத்தி வைத்து, கம்பளியை விரித்துக் காட்டி, தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். தெருவில் போகிறவர்கள் முதலில் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பார்சல்கள் அறந்தாங்கிக்குப் போகத் தொடங்கிய பிறகு அதே ஆட்கள், "நமக்கும் ஒரு சென்ட்டு பாட்டில் பாத்து எடுத்து வையி ஆத்தா" என்றார்கள். ஊர் வாய்க்கு எலும்பு ஏது?

மாமனார் தங்கமுத்துதான் அவளுக்கு வலது கை. பார்சலுக்கு டேப் ஒட்டுவார். முகவரியைக் குண்டு குண்டாக எழுதுவார். மொபெட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூரியர் ஆபீசுக்குப் போய் வருவார். கஜா புயலில் நூற்றிருபது தென்னையை ஒரே காலையில் பறிகொடுத்தவர் அவர். அன்றைக்கு லீவில் வந்திருந்த ரகுநாத், வேரோடு சாய்ந்த மரங்களுக்கு நடுவில் அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனதைப் பார்த்தான். அதுதான் அவன் மனதில் தைத்துவிட்டது.

"அப்பா தோப்பு மாதிரி ஒரு நாள்ல போயிரக் கூடாது திலகா. பதினோரு வருஷ ஒழைப்பும் இப்ப அந்தப் பொட்டிக்குள்ளதான் கெடக்கு. இன்சூரன்ஸ் பேப்பரக் காட்டு, நான் விசாவ முடிச்சிக்கிட்டு வாரேன்" என்றான்.

அதைப் போட்டு வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏஜெண்ட் ஆத்மநாதன் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர். ஆடுமாட்டுக்கும் டிராக்டருக்கும் பாலிசி போட்டுப் பழகியவர். படிவத்தைப் பிரித்ததுமே அவருக்குத் தடுமாற்றம்.

"கடை எங்க இருக்குன்னு எழுதணும் ஆத்தா?"

"போன்ல இருக்குண்ணே."

"போனுக்கு இன்சூரன்ஸ் போட நான் வரலையே."

"யாவாரம் போன்லண்ணே. சாமான் இங்கிட்டு இருக்கு."

"அப்ப இது வீடா, குடோனா?"

"ரெண்டுந்தான்" என்றார் தங்கமுத்து, டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே. "நாங்க படுக்குறது பொட்டிக்கு நடுவுலதான். வேணும்னா எங்களயும் சேத்து எழுதிக்கங்க."

ஆத்மநாதன் சிரித்தார். ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. சாமான் வெளிநாட்டிலிருந்து வந்ததற்குக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். முதல் மூன்று வருடமும் ஊருக்கு வருகிற ஆட்கள் தங்கள் பெட்டியில் இரண்டு கம்பளி, நாலு சென்ட் என்று திணித்துக்கொண்டு வந்து கொடுத்ததுதான். அறந்தாங்கிப் பக்கம் அதற்கெல்லாம் யாரும் காகிதம் கேட்பதில்லை. அதையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளினாள். இறக்குமதிக்கான நம்பர் எடுத்தாள், வரி நம்பர் எடுத்தாள். தின்கிற பொருள் என்றால் தனி லைசென்ஸ் என்றதால் பேரீச்சம்பழத்தையும் பிஸ்தாவையும் விட்டாள். புதிய சரக்கு கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, சுங்கத்தில் தீர்வை கட்டி, ரசீதோடு வீடு சேர்ந்தது. ரகுநாத்திடம் மிச்சமிருந்த சேமிப்பும் அதில் போயிற்று. அப்புறம் கண்மாய் எவ்வளவு தூரம் என்று கேட்டு படிவம் திரும்பி வந்தது. தங்கமுத்து கயிறு பிடித்து அளந்தார். வீடு மேட்டில் இருக்கிறது என்று நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஆவணியில் தொடங்கிய அலைச்சல் புரட்டாசிக் கடைசியில்தான் முடிந்தது.

முப்பத்திரண்டு பக்கம். எல்லாம் இங்கிலீஷ். ஆத்மநாதன் அதில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இத மட்டும் மனசுல வச்சிக்க ஆத்தா. இந்தக் கதவு எண்ணுக்குள்ள சாமான் இருக்குற வரைக்குந்தான் பாலிசி. எடம் மாத்துனா முன்னாடியே கம்பெனிக்கு எழுதிக் குடுத்து சம்மதம் வாங்கணும்."

"நாங்க எங்கிட்டு மாத்தப் போறோம்?" என்றார் தங்கமுத்து. "நாலு தலமொறயா இங்கதான் கெடக்கோம்."

அன்று மாலையே ரகுநாத் தன் லாரிக் கம்பெனியில், தை மாதத்தோடு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தான்.

ஐப்பசி இருபத்தாறாம் தேதி காலை எட்டு மணி இருக்கும். தங்கமுத்து நாலு பார்சலுக்கு டேப் ஒட்டி முடித்தார். ஐந்தாவதை எடுத்தவர், "நெஞ்சு கரிக்குது ஆத்தா, கொஞ்சம் வெந்நி வையி" என்றார். வெந்நீர் கொதிக்கும் முன்னால் பெட்டிமேலேயே சாய்ந்துவிட்டார். அறந்தாங்கி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை விட்டு இறக்காமலே பார்த்துவிட்டு, கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

வண்டி திரும்பி வருவதற்குள் ஊர் கூடிவிட்டது. பங்காளி கண்ணுசாமி, தங்கமுத்துவின் சித்தப்பா மகன், வாசலில் நின்று வேலை ஏவிக்கொண்டிருந்தார். நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிற ஆள். குரல் பெரிது, மனசும் பெரிது. யோசனைதான் கொஞ்சம் பின்னால் வரும்.

"என்னப்பா இது, நடு வீட்ட அடச்சிக்கிட்டு? அண்ணன எங்க கெடத்துறது? ஐஸ் பொட்டி வேற வருது. எல்லாத்தயும் தூக்குங்கப்பா, நம்ம கடலக் கொட்டகைல கொண்டுபோய் அடுக்குங்க!"

இருபது முப்பது பேர் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். ஒருவர் கை மாற்றி ஒருவர் கைக்குப் பெட்டி போய்க்கொண்டேயிருந்தது. துக்க வீட்டில் வேலை கிடைத்தால் ஆண்களுக்கு ஒரு ஆறுதல். அழவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். நூற்றுப் பன்னிரண்டு பெட்டியும் அரை மணி நேரத்தில் வெளியேறிவிட்டன. பெட்டி போய்க்கொண்டிருக்கும்போதே செல்போனில் ஷார்ஜாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ரகுநாத், "அப்பாவ நடு வீட்ல போடுங்க சித்தப்பா, வாசல்ல போட்றாதீங்க" என்று சொன்னான். அவனுக்கு லீவு கிடைக்க ஐந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ் பெட்டியானாலும் அதுவரை பிணம் தாங்காது; அப்புறம் தைக்கு ஒரேயடியாக வந்துகொள்ளலாம் என்று அவனும் இருந்துவிட்டான்.

மாமியார் அமராவதியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற திலகவதிக்கு, போகிற பெட்டிகளைப் பார்த்ததும் அந்த முப்பத்திரண்டு பக்கம் நினைவுக்கு வந்தது. வந்ததே, அதுதான் கொடுமை. வராமலே இருந்திருந்தால் பிறகு அவள் இத்தனை நாள் வேகவேண்டியதில்லை. வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? பிணத்தை வாசலில் போடுங்கள், பெட்டி உள்ளே இருக்கட்டும் என்றா?

அப்போதுதான் வரிசையில் ஆத்மநாதனைப் பார்த்தாள். மாலையோடு வந்தவர், மாலையைச் சுவரில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கம்பளிப் பெட்டியைத் தோளில் வைத்துப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தார். ஏஜெண்டே தூக்குகிறார், அப்புறம் என்ன என்று அவள் மனசு சமாதானமாகிவிட்டது. மாமனாருக்காக அழப் போய்விட்டாள். ஒரு மகள் அழுகிற மாதிரிதான் அழுதாள்.

பிணம் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கருமாதி முடிகிற பதினாறு நாளும் அமராவதி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கேதம் கேட்க வந்தவர்கள் பட்டாசாலை முழுக்க உட்கார்ந்து, அழுது, காப்பி குடித்து, பஸ் நேரம் பார்த்துப் போனார்கள். ஆறாம் நாள் திலகவதி கண்ணுசாமியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அந்தப் பொட்டிகள உள்ள கொண்டாந்துறலாமா?"

"எங்க வப்ப? சனம் உக்கார வேணாமா? வெளக்கு எரியிற எடத்துல யாவாரச் சாமான அடுக்குனா நாலு பேரு என்ன பேசுவாக? கருமாதி முடியட்டும் ஆத்தா. தூக்குன நாங்களே கொண்டாந்து வச்சிர்றோம்."

"மழ வார மாதிரி இருக்கு மாமா."

"கொட்டகைக்கு மேல தகரச் சீட்டு போட்ருக்கேன். ஒரு சொட்டு எறங்காது."

மேலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை என்பது உண்மைதான். பதினோராம் நாள் பிடித்த மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தது. வாய்க்கால் பெருத்து, பள்ளத்தில் இருந்த கடலைக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது முழங்கால் அளவு செந்தண்ணீர். கீழடுக்குப் பெட்டிகள் ஊறிக் கொழகொழத்து, மேலடுக்குகள் அவற்றின்மேல் சரிந்து கிடந்தன. சோப்பு கரைந்து தண்ணீரெல்லாம் நுரை. சென்ட் வாசனையும் சேற்று வாடையும் கலந்து குமட்டியது. மேட்டிலிருந்த வீட்டில் வாசற்படிகூட நனையவில்லை.

கம்பளிகளைக் கரையில் கருவேலஞ்செடிமேல் விரித்துப் போட்டார்கள். காய்ந்துவிடும், கதகதப்பாகவும் இருக்கும். ஆனால் அட்டையும் உறையும் கம்பெனிச் சீட்டும் போய்விட்டால் ஷார்ஜாக் கம்பளியை ஷார்ஜாக் கம்பளி என்று யார் நம்புவார்கள்? திலகவதி அழவில்லை. பிளாஸ்க்குகளுக்குள் இருந்த சேற்றை ஒவ்வொன்றாகத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலு பொட்டிய பட்டாசாலைல கொண்டுபோயிப் போட்டு, ரெண்டு கொடம் தண்ணிய ஊத்திவிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் கண்ணுசாமி. பாவம், தன்னால் வந்த வினையைத் தானே துடைக்கப் பார்த்தார்.

"வேணாம் மாமா. சொவத்துல தண்ணி ஏறுன தடம் வேணாமா? எட்டூருக்குத் தெரியும், பொட்டி எங்க இருந்துச்சுன்னு."

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் திருச்சியிலிருந்து வந்தார். சர்வேயர் என்றதும் வயல் அளக்க வந்திருப்பதாக நினைத்து இரண்டு பேர் பட்டாவோடு வந்துவிட்டார்கள். மரியாதையான மனிதர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தங்கமுத்துவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கொட்டகையை ஏற்கெனவே பார்த்துப் போட்டோ எடுத்துவிட்டிருந்தார். ஆத்மநாதன் கதவோரமாக நின்றார்.

"பாலிசில இருக்கிற அட்ரஸ் எதும்மா?"

"இந்த வீடுதாங்க சார்."

"நனைஞ்ச இடம்?"

"அங்கிட்டு, கொட்டகை."

"பக்கந்தான் சார்" என்றார் கண்ணுசாமி. "ஒரு சத்தம் குடுத்தா கேக்குற தூரம்."

"கொட்டகைக்கு என்ன கதவு எண்?"

"கொட்டகைக்கு ஏது சார் கதவு? படலுதான்."

சர்வேயர் எழுதினார். "ஏம்மா இடம் மாத்துனீங்க?"

"மாமா எறந்துட்டாக சார்."

"கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு. ஆனா அதுக்காகச் சாமான..."

கண்ணுசாமிக்குப் பொறுக்கவில்லை. "சார் எந்த ஊரு? ஒங்க ஊர்ல செத்தவுகள எங்க கெடத்துவீக? தெருவுலயா?"

சர்வேயர் பேனாவை மூடினார். "எங்க ஊர்லயும் நடு வீட்லதாங்க." பிறகு பேனாவைத் திறந்து, "கம்பெனிக்குத் தகவல் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் திலகவதி காத்திருந்தாள். "அண்ணனுக்குத் தெரியும் சார். அண்ணனும்தான் பொட்டி தூக்குனாரு."

எல்லோரும் ஆத்மநாதனைப் பார்த்தார்கள். ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

"ஆமா சார். ரெண்டு பொட்டி. கம்பளிப் பொட்டி."

"ஏஜெண்டாத் தூக்குனீங்களா, கேதத்துக்கு வந்தவராத் தூக்குனீங்களா?"

ஆத்மநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்ன சொன்னால் இந்தப் பெண்ணுக்கு வழி பிறக்கும் என்று அவருக்கும் தெரியாமலில்லை. கண் தங்கமுத்துவின் படத்துக்குப் போயிற்று.

"கேதத்துக்கு வந்தவனாத்தான் சார். அன்னைக்கு எனக்குப் பாலிசி நெனப்பே வரல. நெசமாச் சொல்றேன், துளிகூட வரல."

திலகவதி தலையைக் குனிந்துகொண்டாள். அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கலாம். தன் மாமனாருக்காக மனசு வந்து பெட்டி தூக்கிய மனிதரை என்னவென்று திட்டுவது?

"நான் நடந்தத எழுதுறேம்மா" என்றார் சர்வேயர் எழுந்திருக்கும்போது. "முடிவு எடுக்குறது ஆபீஸ். ஒரு லெட்டர் போட்டிருந்தாப் போதும். ரெண்டு வரி. சம்மதம் குடுத்திருப்பாங்க, இந்த மாதிரி காரணத்துக்குப் பெரும்பாலும் குடுப்பாங்க."

பிணத்தை நடு வீட்டில் போட்டுவிட்டு ரெண்டு வரி லெட்டர் எழுத உட்கார்ந்த மருமகளை இந்த ஊர் ஏழு தலைமுறைக்குப் பேசியிருக்கும். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மார்கழி பாதியில் கடிதம் வந்தது. ஒரே பக்கம். ஆத்மநாதன்தான் வந்து வாசித்துச் சொன்னார். குறிப்பிட்ட இடத்திலிருந்து முன்சம்மதம் இல்லாமல் அகற்றப்பட்ட பொருளுக்குப் பாதுகாப்பு கிடையாது. வருந்துகிறோம்.

"மேல எழுதிப் போடலாம் ஆத்தா. கேக்குறதுக்குத் தனியா ஆளு இருக்காக. நான் சாட்சி சொல்றேன்."

"எத்தன நாளாகும்ணே?"

"வருசம் ஆகும்."

"கெடைக்குமா?"

அவர் கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். எழுதிப் போட்டார்கள். நம்பிக்கை இருந்து போட்டதல்ல, போடாமல் இருக்க முடியாமல் போட்டது. அமராவதிக்கு இந்த வழக்கு எதுவும் புரியவில்லை. "எல்லாரும் எம்புட்டு ஒத்தாசையா இருந்தாக, அவருக்கு என்ன ஒரு மரியாத!" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். திலகவதி அதைக் கேட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

கடிதம் வந்த மறுநாள் மத்தியானம், கடைக்காக அவள் செல்போனைச் சாத்தி வைக்கிற நேரத்தில், ரகுநாத் கூப்பிட்டான். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினான்.

"நீ போன்ல அனுப்புன லெட்டரப் படிச்சேன்."

"ம்."

"நீ அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்டங்க?"

"யாருகிட்டயாச்சும். எங்கிட்டயாச்சும்."

"நீங்கதான நடு வீட்ல போடச் சொன்னீங்க."

அவள் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாமல் ஒரு மாதம் வைத்திருந்தவள்தான்.

"சொல்லியிருந்தா நான் இந்த ஊர்ல இருந்திருக்க முடியுமாங்க?" என்றாள் பிறகு, தணிந்த குரலில்.

"முடியாதுதான்."

"தைக்கு..."

"கம்பெனில பேசிட்டேன். நான் எழுதிக் குடுத்தத ரத்து பண்ணிட்டாங்க. ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னைக்குக் காலைல."

திலகவதி வெறுமையாகக் கிடந்த பட்டாசாலையைப் பார்த்தாள். இப்போது அங்கே எத்தனை பெட்டி வேண்டுமானாலும் அடுக்கலாம். அடுக்கத்தான் பெட்டி இல்லை.

"அப்பா தலத் திவசத்துக்கு?"

"சித்தப்பாவ வச்சி முடிச்சிருங்க."

லாரிகள் போகிற இரைச்சல் கேட்டது. மறுபடியும் தொடங்கினான்.

"எங்கப்பா எனக்காகத் தோப்ப அடமானம் வச்சி விசா எடுத்துக் குடுத்த மனுசன் திலகா. பொட்டிக்கு டேப்பு ஒட்டிக்கிட்டே செத்தாரு. ஆனா லெட்டரப் படிச்சதுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் வாயில வருது. தை பொறந்து போயிருக்கக் கூடாதா? செத்தும் கெடுத்துட்டுப் போயிட்டாருன்னு வருது. பெத்த அப்பன அப்படி நெனைக்கிறேன் நான்."

அவன் உடைந்து அழுதான். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவன் இப்படி அழவில்லை. அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்று அதட்டியிருக்க வேண்டியவள் திலகவதி. அவளால் முடியவில்லை. மாமனார் படத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் பத்து நாளாக அவளுக்கும் அதே வார்த்தைதான் நாக்கு நுனிக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டு விழுங்கியிருந்தாள். தன்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தாள்.

"கேக்குதா திலகா?"

"கேக்குதுங்க."

இருவரும் போனை வைக்கவில்லை. பட்டாசாலை மூலையிலிருந்து அமராவதி, "தம்பியா? அப்பாவ ராசா மாதிரி அனுப்பி வச்சோம்னு சொல்லு ஆத்தா" என்றாள். திலகவதி போனில் அப்படியே சொன்னாள்.